என் பெயரில் ஒரு வழக்கு

ஐப்பசி 16, வியாழன்

காலை முதல் காற்று. குப்பைத் தொட்டி விழுந்தது. நிமிர்த்தினேன். திரும்ப விழுந்தது. விட்டுவிட்டேன்.

மரங்கள் வேரோடு சாய்ந்த வருடமும் இதே நாட்கள்தான். இங்கே லண்டனில் அந்தப் புயல். ஊரில் இந்தியன் ஆமி வந்திறங்கிச் சண்டை தொடங்கிய மாதம். வருட எண் கேட்டால் எனக்குச் சட்டென்று வராது. ஆனால் நாங்கள் ஐந்து பேர் இருந்த ஃபாரஸ்ட் கேட் வீட்டு வாசலில் ஒரு பெரிய மரம் சிவப்பு வான் வண்டிக்கு மேல் படுத்துக் கிடந்ததும், மாணிக்கம் அண்ணை அதைப் பார்த்துவிட்டு, "நல்ல காலம், வான் எங்கட இல்லை" என்றதும் நேற்று மாதிரி. அந்த விடியலில் வீட்டில் நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் பொலிஸ் நிலையத்தில், என் பெயரைச் சொல்லிக்கொண்டு.

அந்த ஆளைக் கூட்டாளி என்றே எழுதுகிறேன். அவசரத்துக்கு கூ. பெயர் எழுத மாட்டேன். எழுத்து எனக்கு அறுபதுக்குப் பிறகு வந்தது. கோயில் மண்டபத்தில், சின்னப் பிள்ளைகளின் தமிழ் வகுப்பில், பின் வாங்குப் பலகையில் இருந்து, ஜெபப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து. ஆனால் எழுதப் படிக்க முந்தியே ஒன்று தெரியும்: கடதாசியில் ஏறிய பெயர் இறங்காது.

வேலைகள்: மருந்து எடுக்க. பால். மார்கரெட் தந்த படிவம்.

மருந்தும் பாலும் ஆயிற்று.

ஐப்பசி 18, சனி

குட்மேய்ஸ் போய் வந்தேன். பஸ்ஸில் ஒரு பெண்பிள்ளை எழும்பி இடம் தந்தது. நன்றி சொன்னேன். வியாழனுக்குப் பிறகு வாய் திறந்து சொன்ன முதல் சொல். குரல் கரகரத்தது.

கூ. அங்கே முதியோர் இல்லத்துக்கு வந்து இது இரண்டாவது குளிர். பக்கவாதம். வலது பக்கம் இல்லை. பேச்சு ஏதோ சில சொல். இப்போது விழுங்குவதும் குறைகிறது, எல்லாம் அரைத்துத்தான். அதையும் நீலச் சட்டை போட்டவர்கள் கரண்டியில் நீட்டினால் பல்லை இறுக்கிக்கொள்வான். நான் பக்கத்தில் இருந்து, "டேய், வாயைத் திற, புரைக்கேறாது" என்றால் திறப்பான்.

அவனுடைய மகள் ஜெசிந்தா நின்றாள்.

"சூசை மாமா, நான் அவர் பெத்த பிள்ளை. எனக்குத் திறக்க மாட்டாராம். உங்களுக்கு மட்டும் குருவிக் குஞ்சு மாதிரித் திறக்கிறார். என்ன வசியம் செய்தனீங்கள்?"

"இவ்வளவு வருசமா ஏசின ஏச்சு, பிள்ளை. வேற ஒண்டும் இல்லை."

சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாதர் மாதம் ஒருமுறை நற்கருணை அப்பம் கொண்டு வருவார். நைஜீரியாக்காரர், நல்ல மனிதர், பெரிய குரல். அவருக்கும் வாய் திறக்கவில்லை. போன கிழமை பூசை முடிய என் தோளில் கை போட்டு, "அப்படியென்றால் நீங்களே அவருக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டார். இந்த ஊரில் யாரும் என்னிடம் ஒரு வேலையை நம்பித் தந்து கன காலம்.

ஆனால் கோயிலுக்கு ஒரு சட்டம். நற்கருணை கொண்டு போகிறவர் பொலிஸ் செக் எடுக்க வேண்டும். அதற்குப் பொறுப்பு மார்கரெட், ஐரிஷ் அம்மா. அவர் தந்த படிவத்தில் ஒரு கேள்வி. அவரே விரலால் தொட்டு, மெதுவாக, எனக்கு விளங்கும் இங்கிலீசில் சொன்னார்: உங்கள்மேல் எப்போதாவது நீதிமன்றத்தில் குற்றத் தீர்ப்பு உண்டா?

நான் ஒருவரையும் அடித்ததில்லை. என் பெயர் அடித்திருக்கிறது.

இல்லை என்று எழுதி, செக்கில் அந்த வழக்கு வந்தால் நான் கோயிலுக்குப் பொய் சொன்னவன். ஓம் என்று எழுதினால் என்ன நடந்தது என்று கேட்பார்கள். நான் அல்ல என்றால், அப்போ யார் என்பார்கள். படுக்கையில் கிடப்பவனைக் காட்டிக் கொடுக்க வேண்டும். ஒன்றுமே எழுதாமல் விட்டால் அவன் நற்கருணை இல்லாமலே போய்விடுவான். அவனுக்கு விழுங்க முடிகிற நாட்கள் கொஞ்சம்தான்.

பஸ்ஸில் வரும்போது தீர்மானித்தது: முதலில் அந்த நீதிமன்றப் பதிவில் என்ன இருக்கிறதென்று அறிய வேண்டும்.

ஐப்பசி 21, செவ்வாய்

மழைத் தூறல். பார்க்கிங் நூலகம். அங்கே செவ்வாயும் வியாழனும் கமலா மேசை போட்டு எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சைவம். வாய் காரம், மனம் அப்படியில்லை.

"என்ன ஐயா, பெனிபிட்டோ கவுன்சிலோ?"

"கோட்."

பேனையைக் கீழே வைத்தாள். "உங்களுக்கோ! ஆரை வெட்டினியள்?"

பழைய வழக்கு, என் பெயரில், பதிவு பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மேலே கேட்கவில்லை. அதுதான் அவளிடம் பிடித்தது.

"ஐயா, இது கடையில சாமான் கேக்கிற மாதிரி இல்லை. எந்தக் கோட், எந்தத் திகதி, என்ன பேர், என்ன குற்றம். நாலும் குடுத்தாத்தான் தேடுவாங்கள். எல்லாத்தையும் ஒரே இடத்தில போட்டு வைச்சிருக்கிற பெட்டி எண்டு ஒண்டு இல்லை."

"அந்தக் கோட்டை மூடிப்போட்டாங்கள். இப்ப அதில பிளாட் வீடுகள். பல்கனியில சைக்கிள் நிக்குது."

"கோட்டை மூடினாலும் புத்தகத்தை எறிய மாட்டாங்கள். அந்த வேலை எந்தக் கோட்டுக்குப் போனதோ அங்க எழுதவேணும். நல்லாப் பழசு எண்டால் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியிருப்பாங்கள். ரெண்டு இடத்துக்கும் எழுதுவம். உங்கட அடையாளமும் வைக்கவேணும், மற்ற ஆளின்ர பதிவைச் சும்மா தர மாட்டாங்கள். ஏன், பொலிஸிட்டயும் கேக்கலாம், அது வேற படிவம்…"

"பொலிஸ் வேண்டாம்."

"சரி, வேண்டாம். திகதி?"

"மரம் விழுந்ததுக்குப் பிறகு. நிலத்துக்குக் கீழ ரயில் ஸ்டேசன் பத்தினதுக்கு முந்தி. அந்த வருசம் மரித்தோர் திருநாள் திங்கட்கிழமை வந்தது. நான் காலமைப் பூசைக்குப் போனனான். அடுத்த நாள் கோட்."

கம்ப்யூட்டரில் தட்டினாள். கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். "திங்கள்தான் ஐயா. உங்களை வேலைக்கு வைச்சிருந்தால் எனக்கு இந்த மிசின் தேவையில்லை."

குற்றம்: அடி. பெயர்: வஸ்தியான் சூசை. வஸ்தியான் என் அப்பா. இங்கே வந்ததும் திருப்பிப் போட்டு அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார்கள். மின்சாரப் பில், ஆசுப்பத்திரிக் கடிதம் எல்லாம் மிஸ்டர் வஸ்தியானுக்கு வருகிறது. லண்டனைக் கண்ணால் காணாத மனிதனுக்கு.

வீட்டுக்கு வந்து சோறு போட மனமில்லை. பாண். தேத்தண்ணி.

அன்றைக்கு நடந்தது எல்லாம் வரிசையாக வந்தது. ஐந்து பேர் ஒரு வீட்டில். வேலை செய்ய அனுமதிக் கார்ட் முதலில் கிடைத்தது எனக்கு. மற்றவர்களுக்கு இல்லை. எல்லாருக்கும் ஊரில் வாய்கள். பெற்றோல் செட்டில் வேலை, முதலாளிக்கு எங்கள் முகங்கள் எல்லாம் ஒன்று. ஷிப்டுக்குப் போகிறவன் என் கார்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவான். "வேலைக்குப் போறவன் சூசை, படுத்திருக்கிறவன் எங்கட ஆள்" என்று மாணிக்கம் அண்ணை பகிடி விடுவார். அவர்தான் சமையல், அவர்தான் வீட்டுக்குப் பெரியவர்.

புயல் வந்த அந்த வியாழக்கிழமை என் ஷிப்ட். எனக்குக் காய்ச்சல். கூ. போனான். பொழுது பட இரண்டு பேர் குடித்துவிட்டு வந்து கண்ணாடியை உடைத்து, ஒருவன் இவனின் தலைமயிரைப் பிடித்து மேசையில் மோதியிருக்கிறான். இவன் கதவுக்குப் பின்னால் இருந்த இரும்புக் கம்பியை எடுத்துவிட்டான். வந்தவனுக்குக் கை முறிந்தது. பொலிஸ் வந்தது. கை முறிந்ததை எழுதினார்கள். மண்டை வெடித்ததை எழுதவில்லை.

சொந்தப் பெயர் சொன்னால் களவாக வேலை செய்தது தெரியும், திருப்பி அனுப்புவார்கள். அனுப்பினால் அந்த மாதம் ஊரில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பையில் இருந்த கார்ட்டைக் காட்டாமல், அதன் பெயரைச் சொன்னான்.

நீதிமன்றத்தில் நானும் மாணிக்கம் அண்ணையும் பின்னால் இருந்தோம். ஒரு மனுசி பெயரைக் கூப்பிட்டா. சூசை என்று காதில் விழுந்தது. நான் எழும்பிவிட்டேன். கால் தானாக எழும்பியது. மாணிக்கம் அண்ணை பின்னால் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

"இரடா, நீ இல்லை."

தண்டம் கட்டச் சொல்லி விட்டார்கள். வெளியே வந்து மூன்று பேரும் ஒரு கடையில் நின்று சிப்ஸ் தின்றோம். கூ. என் கையில் கார்ட்டைத் திருப்பி வைத்தான். கார்ட் ஈரமாக இருந்தது.

ஐப்பசி 30, வியாழன்

குளிர்கால நேரம் மாற்றியாயிற்று. நாலரைக்கே இருட்டு.

கமலா கூப்பிட்டாள், போனேன். புதிய நீதிமன்றம் சொல்கிறது: எங்களிடம் இல்லை, காப்பகத்தில் கேளுங்கள். காப்பகம் சொல்கிறது: அந்த நீதிமன்றப் புத்தகம் இருக்கிறது, அந்த நாள் பக்கமும் இருக்கிறது, வஸ்தியான் என்று ஒருவரும் இல்லை. முன்னும் பின்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டார்கள்.

"ஐயா, காய்ச்சலுக்க கனவு கண்டியளோ?"

"பிள்ளை, நான் எழும்பினனான். சட்டையைப் பிடிச்சு இழுத்தவர். தையல் விட்டது. பேந்து நான்தான் தைச்சனான்."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப வேற ஏதோ பேரில கிடக்கு. யோசியுங்கோ. அவசரம் இல்லை."

அவசரம் உண்டு.

மின்விளக்கு ஒன்று போய்விட்டது. கதிரையில் ஏறப் பயம். இருட்டிலேயே விட்டேன்.

கார்த்திகை 2, ஞாயிறு. மரித்தோர் திருநாள்

கோயிலில் பெயர் எழுதிப் போட ஒரு பெட்டி. நான் போட்டவை: வஸ்தியான். அம்மா. பிலோமினா. மாணிக்கம் அண்ணை சைவக்காரர், இருந்தாலும் போட்டேன். பாதர் எல்லாவற்றையும் வாசித்தார். மாணிக்கம் என்று சொல்லத் தெரியாமல் ஏதோ சொன்னார். அண்ணை கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

என் மனைவி பிலோமினா போய் ஆறாவது மரித்தோர் திருநாள். மகள் மெல்பேணிலிருந்து போன் எடுத்தாள். "சாப்பிட்டியளோ அப்பா?" சாப்பிட்டேன் என்றேன். பேரன் திரையில் கை காட்டிவிட்டு ஓடிவிட்டான்.

அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிரித்தானியப் பிரஜாவுரிமைப் படிவத்திலும் இதே கேள்வி இருந்தது. அதனால் நான் போடவில்லை. எல்லாரும் போட்டார்கள், பாஸ்போர்ட் எடுத்தார்கள், ஊருக்குப் போனார்கள். கூ.வும் போட்டான், அவன் பெயரில்தான் ஒன்றும் இல்லையே. "நீ ஏன்டா போடேல்ல?" என்று கேட்டான். "எனக்கு விருப்பமில்லை" என்றேன். உன்னால்தான் என்று எப்படிச் சொல்வது? அகதிக் கடதாசியோடு ஊருக்குப் போக முடியாது. அம்மா கிடந்து செத்தபோது நான் இங்கே ஷிப்டில். கூ. அடுத்த வருடம் போய்க் கல்லறையைப் படம் எடுத்து வந்தான். படத்தில் அவனுடைய செருப்பு நுனியும் விழுந்திருக்கிறது.

மினிகாப் டாக்சி ஓட்டும் லைசன்ஸுக்கும் அதே கேள்வி. அதுவும் விட்டது. இந்த ஊரில் எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்வி வந்தால் நான் மடித்து வைத்துவிடுவேன்.

கார்த்திகை 5, புதன்

இது வெள்ளைக்காரரின் வெடிநாள். மத்தியானமே தொடங்கிவிட்டார்கள். குட்மேய்ஸ் இல்லத்தில் பின்னேரம் இருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் கூ. கட்டிலில் துள்ளினான். முழிகள் பிதுங்கின. நாங்கள் இருந்த ஊர்களில் வெடிச் சத்தம் கொண்டாட்டம் இல்லை.

புதிதாக வந்த தாதி ஒருத்தி, கரு நீலச் சட்டை, நெஞ்சில் அடையாள அட்டை. அவனைச் சாந்தப்படுத்தக் குனிந்து கேட்டாள்: "உங்கள் பெயர் என்ன, டார்லிங்?"

கூ. நிமிர்ந்தான். இடது கையைத் தொடையோடு ஒட்டி வைத்தான். நான் அந்த நிமிர்வை நீதிமன்றத்தில் கண்டிருக்கிறேன்.

"சூசை."

ஜெசிந்தா பக்கத்தில்.

"பாத்தீங்களா மாமா? யூனிஃபோர்ம் போட்டு ஆர் வந்து கேட்டாலும் உங்கட பேர்தான். ஒரு நாள் டொக்டருக்கும் சொன்னவர். என்ர பேர் மறந்து போச்சு, தன்ர பேர் மறந்து போச்சு, சூசை மட்டும் மறக்கேல்ல." பகிடி மாதிரித்தான் சொன்னாள். குரல் பகிடி இல்லை.

தாதி கட்டில் தலைமாட்டு அட்டையைப் பார்த்து, "இல்லையே, அது உங்கள் பெயர் இல்லையே. குடும்பப் பெயர்?" என்றாள், சும்மா விளையாட்டுக்கு.

"பேதுரு."

அவன் விக்காமல் சொன்னான். இரண்டையும் சேர்த்துத் திரும்பச் சொன்னான். "சூசை பேதுரு. சேர்." பொலிஸ்காரனுக்குச் சொல்கிற மாதிரி.

பேதுரு அவனுடைய அப்பா.

பஸ்ஸில் என் தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன். கடைசித் தரிப்பில் சாரதி வந்து எழுப்பினான், நான் நித்திரை இல்லை.

என் பெயரைச் சொல்ல அவனுக்கு வாய் வந்திருக்கிறது. அடுத்ததாக அப்பன் பெயரைக் கேட்டபோது வஸ்தியான் என்று சொல்ல வாய் வரவில்லை. பேதுரு சம்மாட்டியின் படகில்தான் எங்கள் ஆட்கள் தொழிலுக்குப் போவார்கள். நல்ல மனிதர், கோபக்காரர். அந்த மனிதனை விட்டுவிட்டு வேறொருவனை அப்பன் என்று பொலிஸுக்கு முன்னாலும் சொல்ல அவனால் ஏலவில்லை. அன்றைக்கு அந்த மனுசி கூப்பிட்டதும் அப்படித்தான் இருக்கும். சூசை என்றது எனக்குக் கேட்டது. பின்னால் வந்ததை நான் கேட்கவில்லை. எழும்புகிற அவசரம்.

கார்த்திகை 6, வியாழன்

நூலகம் திறக்க முன்னமே வாசலில் நின்றேன். குளிர். கமலா வந்து பூட்டைத் திறக்கிறவனிடம், "இவரை முதல் உள்ள விடுங்கோ, விறைச்சுப் போனார்" என்றாள்.

"பேதுரு எண்டு தேடச் சொல்லு, பிள்ளை. சூசை பேதுரு."

"ஆர் பேதுரு?"

"என்ர அப்பா இல்லை."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு அப்போது எல்லாம் விளங்கியிருக்கும். அந்தக் காலத்தில் ஒரு கார்ட்டில் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஒன்றும் கேட்காமல் தட்டினாள். அனுப்பினாள். தன் தேத்தண்ணிப் போத்தலில் பாதி ஊற்றித் தந்தாள். இஞ்சி.

கார்த்திகை 18, செவ்வாய்

பதில்.

கமலா முதலில் தனக்குள் வாசித்தாள். பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள், ஒவ்வொரு வரியாக. நீங்கள் சொன்ன நாளில், நீங்கள் சொன்ன பெயரில், ஒரு பதிவு இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரும் நீங்கள் அனுப்பிய அடையாளமும் பொருந்தவில்லை. இது நீங்கள் அல்ல என்பதால் பிரதி தர முடியாது. வருந்துகிறோம்.

"ஐயா, விளங்குதோ? உங்கட பேரில ஒரு வழக்கும் இல்லை. எந்தக் காலத்திலயும் இருந்ததில்லை. நீங்கள் இல்லாத ஆளுக்காகப் பயந்திருக்கிறியள்."

இரடா, நீ இல்லை. மாணிக்கம் அண்ணை அன்றைக்கே சொன்னார்.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சந்தைக்குள் போனேன். ஏன் போனேன் தெரியவில்லை. மீன் கடையில் ஒருவன் சூடை மீன் மலிவு, சூடை மீன் என்று கத்திக்கொண்டு நின்றான். சூசை என்று என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது, அவனுக்கு முன்னால் போய் நின்றேன். "என்ன வேணும் அண்ணை?" என்றான். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

கார்த்திகை 19, புதன்

மழை. குட்மேய்ஸ் போகவில்லை.

கார்த்திகை 20

போகவில்லை.

கார்த்திகை 22, சனி

போகவில்லை. சனிக்கிழமை ஒரு நாளும் தவறியதில்லை.

போட்டிருக்கலாம். அந்தப் படிவத்தைப் போட்டிருக்கலாம். பாஸ்போர்ட் வந்திருக்கும். அம்மா கிடந்தது ஒன்பது மாதம், ஒவ்வொரு போனிலும் "எப்பவடா வாறாய்?" வருகிறேன் என்று ஒவ்வொரு போனிலும் பொய். பிலோமினா தனியாகப் போய் வந்தாள். ஆட்கள் அவளிடம் கேட்டிருக்கிறார்கள், புருசன் உயிரோடு இருக்கிறாரா என்று.

அவன் ஒரு தரம் சொல்லியிருக்கலாம். சூசை, நான் உன்ர அப்பான்ர பேரைக் குடுக்கேல்ல. ஒரே ஒரு தரம்.

நானும் ஒரு தரம் கேட்டிருக்கலாம். ஒரு வீட்டில் படுத்து, ஒரு பானையில் தின்று, கிழமைக்குக் கிழமை ஒரே வாங்கில் முழங்காலில் இருந்து, இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. அவனுக்கு வெட்கம். எனக்கு, அவனுக்கு வெட்கமாக இருக்கும் என்ற எண்ணம்.

அலுமாரியில் அம்மாவின் கல்லறைப் படத்தை எடுத்தேன். செருப்பு நுனி. இவ்வளவு காலமும் அந்தச் செருப்பைக் கையால் மறைத்துத்தான் படத்தைப் பார்ப்பேன். இன்று மறைக்கவில்லை. அங்கே போய் நின்று குனிந்து எடுத்திருக்கிறான். புல்லுப் பிடுங்கியிருக்கிறது. பிடுங்கின புல் ஒரு ஓரத்தில் குவியலாகக் கிடக்கிறது. இதுவரை அதை நான் காணவில்லை.

கார்த்திகை 24, திங்கள்

ஜெசிந்தா போன்.

"மாமா, சுகமில்லையோ? ஏன் வரேல்ல? அப்பா நாலு நாளா ஒண்டும் எடுக்கிறார் இல்லை. தண்ணிகூட. குழாய் போடுறதோ எண்டு கதைக்கினம்."

"பஸ் இல்லை, பிள்ளை."

"பஸ் இல்லையோ?"

"வாறன்."

போனேன். மெலிந்துவிட்டான். கண் என்மேல் வந்து நின்றது, நகரவில்லை. கோபமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

"டேய், வாயைத் திற."

திறந்தான். பூசணிக்காய் அரைத்தது, பாதிக் கிண்ணம். ஒவ்வொரு கரண்டிக்கும் தொண்டையைத் தடவிவிட்டேன். தாதி கதவில் நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள். ஜெசிந்தா என் குளிர்ச் சட்டையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"பிள்ளை, கொப்பர் என்ர பேரைச் சொல்லுறது உன்னை மறந்ததால இல்லை" என்றேன்.

"பேந்து?"

"ஒரு காலத்தில பொலிஸ் கேட்டால் வீட்டில எல்லாரும் அந்தப் பேரைத்தான் சொல்லுறது. யூனிஃபோர்மைக் கண்டால் அவனுக்கு இன்னும் அந்தப் பயம். உன்னைக் கண்டு பயமில்லை. அதுதான் உனக்கு அந்தப் பேரைச் சொல்லுறேல்ல."

அவள் மடியில் இருந்த சட்டையை மடித்தாள். பிறகு, "எனக்குச் சொல்லாமல் என்ன எல்லாம் வைச்சிருக்கிறியள் ரெண்டு பேரும்" என்றாள். மூக்கைத் துடைத்தாள். அப்பாவின் காலைப் போர்வைக்கு மேலால் தடவினாள்.

கார்த்திகை 25, செவ்வாய்

படிவம். கமலா கேட்டாள்: "குற்றத் தீர்ப்பு?"

"இல்லை."

எழுதினாள். பேனை கீறிய சத்தம் கேட்டது. கையெழுத்து நான் போட்டேன், தமிழில். பின்னேரம் மார்கரெட்டிடம் கொடுத்தேன். தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டு, "இவ்வளவு நாளும் எங்கே போனீர்கள் சூசை, மனம் மாறிவிட்டதோ என்று நினைத்தேன்" என்றார். மனம் மாறவில்லை என்றேன். என் இங்கிலீசில் அவ்வளவுதான் சொல்ல ஏலும்.

வரும் வழியில் மின்விளக்கு வாங்கினேன். பக்கத்து வீட்டு வங்காளிப் பெடியன் ஏறிப் போட்டுத் தந்தான்.

மார்கழி 14, ஞாயிறு

பொலிஸ் செக் வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்றும் இல்லை. வெறும் கடதாசி. வெறும் கடதாசியை இவ்வளவு நேரம் பார்த்த ஆள் நானாகத்தான் இருக்கும்.

வெயில், சூடில்லாத வெயில். பாதர் இன்று ரோஸ் நிற உடுப்பு. பூசை முடிய என்னைப் பீடத்துக்குக் கூப்பிட்டு, நற்கருணை வைத்த சின்ன வட்டப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிவிட்டார். சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். பஸ்ஸில் யாரோடும் கதைக்கக் கூடாது என்று மார்கரெட் சொல்லியிருந்தார். அது எனக்குப் பழக்கம்.

கூ. கண்ணை மூடிக் கிடந்தான். மூச்சு மேலால். ஜெசிந்தா மெழுகுதிரி கொண்டு வந்திருந்தாள். கொளுத்த விடமாட்டோம் என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். கொளுத்தாமலே வைத்தோம்.

அதே கரு நீலச் சட்டைத் தாதி வந்து குனிந்தாள். "இன்றைக்கு யார் வந்திருக்கிறார் பாருங்கள். உங்கள் பெயர் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?"

"சூசை" என்றான், கண் திறக்காமல். உதடு மட்டும்.

அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன். கதிரையை இழுத்துப் போட்டு, காதுக்குள் வாய் வைத்தேன். "பொலிஸ் போயிட்டுதடா. கார்ட்டைத் தா. உன்ர பேரைச் சொல்லு." அவன் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவனுடைய சொந்தப் பெயர், அப்பா பெயரோடு சேர்த்து, ஊரில் கோயில் வாசலில் கூப்பிடுகிற மாதிரி.

கண் திறந்தது. இடது கை தொடையை விட்டு வந்து என் சட்டையைப் பிடித்தது.

அப்பத்தை நெல்லளவு கிள்ளி, புரைக்கேறாமல் கெட்டியாக்கிய தண்ணீரில் வைத்து, கரண்டி நுனியில். வாயைத் திற என்று நான் சொல்லவில்லை. தானாகத் திறந்தான். விழுங்கினான். தொண்டையில் இறங்கியதைக் கண்டேன்.

இப்போது வீடு. விளக்கு நல்ல வெளிச்சம். எழுத வேண்டியது ஒன்று மிச்சம். இங்கே ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

ஃபாரஸ்ட் கேட் வீட்டு ஆட்கள்: மாணிக்கம் அண்ணை, செத்தார், நெஞ்சு. ராசன், கனடாவில், பனி வழுக்கிய கார். யேசுதாசன், ஊருக்குத் திரும்பிப் போய், கடைசிச் சண்டையில். நான் இருக்கிறேன்தான், என்னைக் கணக்கெடுக்காமல் எழுதுகிறேன்.

உயிரோடு: பேதுரு சவிரி.